எங்கள் கடன் சேர்வரில் வெப்லொஜிக் 10.3.6 ஓடுகிறது, "கை வைக்காதீர்கள்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பரந்தன்_சந்தி

வணக்கம். கிளிநொச்சியில் விவசாயிகளுக்கும் சிறுதொழில் செய்பவர்களுக்கும் கடன் கொடுக்கும் ஒரு சங்கத்தில் கணினிப் பகுதியைப் பார்க்கிறேன். மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்புக் கிளைகள் எல்லாம் தலைமைக் கந்தோரில் இருக்கும் ஒரே சேர்வரில்தான் வேலை செய்கின்றன. கடன் மென்பொருளைக் கொழும்பு நிறுவனம் ஒன்று பல வருடங்களுக்கு முன் போட்டுத் தந்தது. அடியில் ஓடுவது ஒரக்கிள் வெப்லொஜிக் 10.3.6 (ஜாவாவில் எழுதிய மென்பொருளை ஓட்டும் சேர்வர் தளம்), ஜாவா 7.

போன கிழமை ரூட்டரை மாற்றும்போதுதான் கவனித்தேன், வெப்லொஜிக் இணைப்புகளை வாங்கும் வாசலான 7001ஆம் போர்ட் இணையத்துக்குத் திறந்து கிடக்கிறது. வீட்டில் இருந்து போனில் முகவரியை அடித்தாலே வெப்லொஜிக் நிர்வாகக் கொன்சோலின் லொகின் பக்கம் வருகிறது. அந்த நிறுவனத்திடம் கேட்டேன். "தூரத்தில் இருந்து பார்க்க வசதியாகத் திறந்தது. பாஸ்வேர்ட் இருக்கிறது தானே. பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) எதுவும் போடாதீர்கள், மென்பொருள் நின்றால் நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். முகாமையாளருக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பாஸ்வேர்ட் பலமானதுதான். அது போதுமா?

ஸ்காபரோ_வன்னியான்

தம்பி, போதாது. இங்கே ரொறொன்ரோவில் நான் பார்ப்பது இந்த வேலைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பாஸ்வேர்டைக் கேட்காமலே உள்ளே போகும் வழி இந்த மென்பொருளில் இருந்தது. 2020 ஒக்டோபரில் ஒரக்கிள் சரிசெய்த சி.வி.இ-2020-14882 என்ற ஓட்டை அது (சி.வி.இ என்பது பாதுகாப்பு ஓட்டை ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும் பொது இலக்கம்). கொன்சோலில் லொகின் இல்லாமலே எவரும் பார்க்கக் கூடியவை என்று சில கோப்புறைகள் உண்டு, படங்களும் ஸ்டைல் கோப்புகளும் இருக்கும் இடங்கள். முகவரியில் அந்தக் கோப்புறையின் பெயரைக் கொடுத்து, பின்னால் "ஒரு படி மேலே போ" என்ற குறியை இரண்டு முறை என்கோட் செய்து (வேறு குறிகளாக மாற்றி) ஒட்டினார்கள். பாதுகாப்புச் சோதனை செய்யும் பகுதி முகவரியை ஒரு முறைதான் டீகோட் செய்து பார்த்தது. "இது படம் கேட்கிற ஆள்" என்று விட்டுவிட்டது. அடுத்த பகுதி இரண்டாவது முறை டீகோட் செய்து நிர்வாகப் பக்கத்தையே கொடுத்தது. ஒரு முகவரி, ஒரு முறை அனுப்பினால் போதும், சேர்வர் கையை விட்டுப் போய்விடும்.

அதற்கு வந்த பேட்ச் அந்தக் குறியை எழுத்துக்கு எழுத்து தேடித் தடுத்தது. ஓர் எழுத்தைப் பெரிய எழுத்தில் இருந்து சின்ன எழுத்தாக மாற்றியதும் அதையும் தாண்டிவிட்டார்கள். அதனால் நவம்பர் 1ஆம் தேதி, வழக்கமான நாளுக்குக் காத்திராமல், சி.வி.இ-2020-14750 என்ற பெயரில் இன்னொரு பேட்ச் விட வேண்டி வந்தது. உங்கள் 10.3.6 இந்த இரண்டு பட்டியலிலும் இருக்கிறது.

முதல் வேலை, இன்றைக்கே ரூட்டரில், வெளியில் இருந்து வருவதை 7001க்கு அனுப்பும் அந்த போர்ட் ஃபோர்வர்டை எடுத்துவிடுங்கள். மிச்சம் எல்லாம் பிறகு கதைக்கலாம்.

மாங்குளம்_ஏ9

அண்ணா சொல்வது சரி. நான் ஏ9 வழி நெடுகக் கடைகளுக்கும் கந்தோர்களுக்கும் நெட்வேர்க் இழுத்துக் கொடுக்கிறேன். தூரத்தில் இருந்து பார்ப்பதற்கு என்று திறந்த போர்ட்டுகள் அப்படியே கிடப்பதை அடிக்கடி காண்கிறேன். திறந்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார், ஏன் திறந்தது என்று யாருக்கும் தெரியாது.

என் ஆலோசனை சுருக்கமானது. ஒரு வி.பி.என் (இணையத்துக்குள் மறையாக்கம் செய்த தனி வழி) போடுங்கள், கிளைகளும் கொழும்பு ஆட்களும் அதன் வழியாக வரட்டும். வெளியே ஒன்றும் தெரியாவிட்டால் பழைய வெப்லொஜிக் என்றாலும் பரவாயில்லை. அத்தோடு பிரச்சினை முடியும்.

பம்பைமடு

மாங்குளம் தம்பி, வி.பி.என் வேண்டும். ஆனால் அத்தோடு முடியும் என்பதை நான் ஏற்கமாட்டேன். கிளையில் இருக்கும் ஒரு கணினியில் யாரோ பென் டிரைவ் செருகி வைரஸ் வந்தால், அந்தக் கணினி வி.பி.என்னுக்கு உள்ளேதானே இருக்கிறது? அதில் இருந்து 7001க்குப் போக என்ன தடை?

10.3.6க்கு ஒரக்கிளின் நீடித்த ஆதரவும் 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளுக்கு அந்தப் பதிப்பில் மருந்து இல்லை. எதை எதையோ மூடி நாளைக் கடத்தலாம், ஆனால் மேலே ஏற்றுவதற்கு ஒரு தேதி குறிக்காமல் மூடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மல்லாவிக்காரி

நான் கணினி ஆள் இல்லை, வேறொரு சங்கத்தில் கடன் உத்தியோகத்தர். ஒரு சந்தேகம். வன்னியில் இருக்கும் ஒரு சின்னச் சங்கத்தை யார் தேடி வந்து தாக்கப் போகிறார்கள்? வங்கியை அடித்தால் காசு கிடைக்கும். எங்களிடம் என்ன இருக்கிறது?

பம்பைமடு

நல்ல கேள்வி, அக்கா. அவர்கள் ஊர் பார்த்துத் தேடுவதில்லை. இணையத்தில் உள்ள ஐ.பி.வி4 முகவரிகள் அத்தனையிலும் ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் இஸட்மாப் என்ற கருவியை 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். நல்ல வேகமான இணைப்பு இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் உலகம் முழுவதையும் பார்த்து முடிக்கும். அப்படித் தட்டும்போது 7001 பதில் சொன்னால் அடுத்த நிமிடமே தாக்குதல் தானாக நடக்கும். அது கிளிநொச்சியா சிக்காகோவா என்று அந்த நிரலுக்குத் தெரியாது.

காசு அவர்களுக்கு இரண்டு விதத்தில் வரும். 2017 கடைசியிலும் 2018 தொடக்கத்திலும் சி.வி.இ-2017-10271 வழியாக வெப்லொஜிக் சேர்வர்களுக்குள் புகுந்து மொனேரோ என்ற டிஜிட்டல் நாணயம் தோண்டினார்கள். கரண்ட் பில் உங்களுக்கு, நாணயம் அவர்களுக்கு. 2019 ஏப்ரலில் சி.வி.இ-2019-2725 வந்தபோது சொடினோகிபி என்ற கப்ப மென்பொருளை இறக்கிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள்.

உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். கடன் எடுத்தவரின் அடையாள அட்டை இலக்கம், காணி உறுதியின் ஸ்கேன், வங்கிக் கணக்கு, யார் யாருக்குப் பிணை நின்றார் என்ற விபரம், எத்தனை தவணை கட்டவில்லை என்ற கணக்கு. எல்லாம் அந்த டேட்டாபேஸில் இருக்குமே.

மல்லாவிக்காரி

இப்போது விளங்குகிறது. எங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள். கடன் எடுத்ததைச் சொந்தத் தம்பிக்குக்கூடச் சொல்லாத ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியல் வெளியே போனால் அவர்கள் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இதை முகாமையாளரிடம் இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள் தம்பி. போர்ட், பேட்ச் என்றால் அவருக்குக் காதில் ஏறாது.

அறிவியல்நகர்_மாணவி

நான் பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். இந்த ஓட்டைகளுக்கான நிரல்கள் கிட்ஹப்பில் கிடைக்கின்றன. பரந்தன் அண்ணா சம்மதித்தால் நான் ஓட்டிப் பார்த்து உண்மையிலேயே உள்ளே போகலாமா என்று சொல்கிறேன். வன்னியில் வேறு கந்தோர்களிலும் 7001 திறந்திருக்கிறதா என்று தேடி எச்சரிக்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

ஸ்காபரோ_வன்னியான்

தங்கச்சி, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் இரண்டாவதைச் செய்யாதீர்கள். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதி இல்லாமல் மற்றவர் கணினிக்குள் நுழைவதே குற்றம். நல்ல எண்ணம் உங்களைக் காப்பாற்றாது. திறந்து கிடப்பது தற்செயலாகக் கண்ணில் பட்டால் இலங்கை சேர்ட்டுக்கு எழுதுங்கள். 2006இல் இருந்து இதற்கென்றே இருக்கும் அமைப்பு அது.

முதலாவதும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் கடன் சேர்வரில் முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலை ஓட்டினால் சேவை விழலாம். அந்த நிரலுக்குள்ளேயே வேறு ஏதும் ஒளிந்திருக்கலாம். பதிப்பு இலக்கமும் போட்ட பேட்சுகளின் பட்டியலுமே பதில் சொல்லிவிடும்.

படிக்க ஆசை என்றால் வல்ஹப் என்று ஒரு திறந்த தொகுப்பு இருக்கிறது. ஓட்டை உள்ள பழைய வெப்லொஜிக், டொம்கட், ஸ்ட்ரட்ஸ் எல்லாம் டொக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டி போல ஓட்டும் கருவி) தயாராகக் கிடைக்கும். உங்கள் மடிக்கணினியில் இணையத்தைத் துண்டித்துவிட்டு அதில் பழகுங்கள்.

அறிவியல்நகர்_மாணவி

சரி அண்ணா, விளங்கியது. அப்படியே ஒரு கேள்வி. டிசீரியலைசேஷன் என்று எல்லா ஓட்டையின் விளக்கத்திலும் வருகிறது. டேட்டாவைப் படிப்பதால் எப்படி நிரல் ஓடும்?

பம்பைமடு

இதை நான் எழுதுகிறேன், வகுப்பில் அடிக்கடி வரும் கேள்வி.

ஜாவாவில் ஒரு பொருளை அப்படியே பைட்டுகளாக மாற்றி அனுப்பலாம். மறுபக்கம் அதை வாங்கி அதே பொருளைத் திரும்ப உருவாக்கும். அந்தப் பைட்டுகளுக்குள் "என்னை இந்த வகுப்பாக உருவாக்கு" என்று எழுதியிருக்கும். ஜாவா அதை நம்பி முழுப் பொருளையும் கட்டி முடிக்கும். கட்டும்போதே அந்த வகுப்பில் உள்ள சில மெதட்டுகள் தானாக ஓடும். "இது எனக்கு வேண்டிய வகைதானா" என்ற சோதனை அதற்குப் பிறகுதான் வரும். நெல்லைக் களஞ்சியத்தில் கொட்டி முடித்த பிறகு ஈரப்பதம் பார்ப்பது போன்றது.

அனுப்புகிறவர் புது நிரல் எதையும் அனுப்பத் தேவையில்லை. சேர்வரில் ஏற்கெனவே இருக்கும் வகுப்புகளைச் சங்கிலியாகக் கோத்தால் போதும். 2015 ஜனவரியில் கிறிஸ் ஃபுரோஹொஃப், கேப்ரியல் லோரன்ஸ் இருவரும் அப்பாச்சி கொமன்ஸ் கலெக்ஷன்ஸ் நூலகத்தில் அப்படி ஒரு சங்கிலியைக் காட்டினார்கள். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அந்த நவம்பரில் அதே வழியில் வெப்லொஜிக், வெப்ஸ்பியர், ஜேபொஸ், ஜென்கின்ஸ் எல்லாவற்றையும் உடைக்கலாம் என்று ஒரு பாதுகாப்புக் குழு விரிவாக எழுதியது. அப்புறம்தான் எல்லோரும் விழித்தார்கள். வெப்லொஜிக்குக்கு அது சி.வி.இ-2015-4852.

ஒரக்கிள் செய்தது, ஆபத்தான வகுப்புகளின் பெயர்களைத் தடைப் பட்டியலில் போட்டது. பட்டியலில் இல்லாத இன்னொரு வகுப்பை யாராவது கண்டுபிடிப்பார்கள், அதையும் சேர்ப்பார்கள். இப்படியே வருடக்கணக்கில் போனது. இதனால்தான் ஒரு பேட்சை மட்டும் போட்டுவிட்டு இருக்க முடியாது என்கிறேன்.

பரந்தன்_சந்தி

எல்லோருக்கும் நன்றி. போர்ட் ஃபோர்வர்டை எடுத்துவிட்டேன். கிளைகளுக்கு மாங்குளம் அண்ணாவின் உதவியோடு வி.பி.என் போட்டாயிற்று. கொழும்பு ஆட்கள் கோபத்தில் இருக்கிறார்கள், அது இருக்கட்டும்.

இரண்டு கேள்வி. ஒன்று, உள்ளே இருந்து வரக்கூடியதை எப்படிக் குறைப்பது? இரண்டு, இவ்வளவு காலம் திறந்து கிடந்ததே, யாராவது ஏற்கெனவே உள்ளே வந்திருந்தால் எப்படித் தெரியும்?

ஸ்காபரோ_வன்னியான்

முதலாவது. 7001 என்ற ஒரே போர்ட்டில் வெப்லொஜிக் வலைப் பக்கங்களுக்கான எச்.டி.டி.பியையும் வாங்கும், தன் சொந்த நெறிமுறையான டி3ஐயும் வாங்கும், நிரல்கள் தமக்குள் பேசும் இன்னொரு நெறிமுறையான ஐ.ஐ.ஓ.பியையும் வாங்கும். ஆகவே போர்ட்டை வைத்து ஃபயர்வோலால் பிரிக்க முடியாது. டிசீரியலைசேஷன் தாக்குதல்களில் பெரும்பாலானவை டி3 வழியாகத்தான் வரும். கொன்சோலில் டொமைனின் பாதுகாப்புப் பகுதிக்குப் போனால் கனெக்ஷன் ஃபில்டர் என்று இருக்கும். வெப்லொஜிக்கோடு வரும் ஃபில்டர் வகுப்பின் பெயரைக் கொடுத்து, சேர்வரின் சொந்த முகவரியில் இருந்து டி3ஐ அனுமதி, மற்ற எல்லாவற்றுக்கும் டி3ஐ மறு என்று விதி எழுதுங்கள். அனுமதி விதி முதலில் வர வேண்டும். ஐ.ஐ.ஓ.பி உங்கள் மென்பொருளுக்குத் தேவையில்லை என்றால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

முன்னால் எஞ்சின்எக்ஸ் (கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் வலைச் சேர்வர்) ஒன்றை வைத்து, கிளைகள் அதன் வழியாகக் கடன் மென்பொருளின் பாதைக்கு மட்டும் போகும்படி செய்யுங்கள். கொன்சோலின் பாதையை அங்கேயே தடுக்க வேண்டும். பம்பைமடு அக்கா சொன்ன 2017, 2019 ஓட்டைகள் இரண்டும் டி3 அல்ல, எச்.டி.டி.பி வழியாகவே வருபவை. ஒன்று டபிள்யு.எல்.எஸ்-டபிள்யு.எஸ்.ஏ.டி என்ற துணைப் பகுதியில் இருக்கிறது, மற்றது அசிங்க் ரெஸ்பொன்ஸ் பகுதியில். கடன் மென்பொருள் இரண்டையும் பயன்படுத்த வாய்ப்பு மிகக் குறைவு. பயன்படுத்தவில்லை என்று உறுதியானதும் அந்த இரண்டு வார் கோப்புகளையும் (ஜாவா வலைப் பகுதிகளைப் பொதி செய்த கோப்புகள்) எடுத்துவிட்டு, தற்காலிகக் கோப்புறையில் விரித்து வைத்திருப்பதையும் அழித்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். தற்காலிகக் கோப்புறையை மறந்தால் அந்தப் பகுதி ஓடிக்கொண்டே இருக்கும். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

அந்த நிறுவனத்திடம் 10.3.6க்கு வந்த பழைய பேட்சுகள் இருந்தால் அவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஒரக்கிள் பேட்ச் ஆதரவு ஒப்பந்தம் உள்ளவர்களுக்குத்தான் கிடைக்கும். 10.3.6இல் பி.எஸ்.யு என்ற கருவியால்தான் போட வேண்டும். அது நினைவகம் போதாமல் விழும், சில நேரம் மணிக்கணக்கில் முரண்பாடு சோதித்துக்கொண்டே நிற்கும். அதன் ஸ்கிரிப்டில் ஜாவா நினைவக அளவைக் கூட்டிவிட்டுத் தொடங்குங்கள். யு.பி.எஸ் நல்ல நிலையில் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

மாங்குளம்_ஏ9

யு.பி.எஸ் விஷயம் உண்மை. ஜாவா உலகத்தைக் கலக்கிய ஸ்பிரிங் ஃபோர் ஷெல் ஓட்டை 2022 மார்ச் 31இல் வெளிவந்தது. அன்றைக்கு எங்கள் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு. உலகம் பேட்ச் போட்டுக்கொண்டிருந்தபோது இங்கே ஆட்கள் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி வரிசையில் நின்றார்கள். அதனால் கருவியை நம்புவதைவிட, முதலில் பேக்கப்.

பம்பைமடு

இரண்டாவது கேள்விக்கு. டொப் கட்டளையை ஓட்டி எந்த வேலை சி.பி.யுவைத் தின்கிறது என்று பாருங்கள். வெப்லொஜிக்குக்கு என்று வைத்திருக்கும் பயனர் கணக்கின் கிரொன்டாப்பை (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்) திறந்து பாருங்கள். வெளியில் இருந்து கோப்பு இறக்கும் வரி ஒன்று இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கந்தோரில் சேர்வர் மெதுவாகிவிட்டது என்று ரேம் வாங்கிக்கொண்டு நின்றார்கள். லினக்ஸ் கேர்னலுக்குச் சொந்தமாகக் கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்று ஒரு வேலை உண்டு. அங்கே அதே பெயரில் கடைசியில் ஓர் "ஐ" ஒட்டிய வேலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வேகமாகப் பட்டியலை உருட்டினால் கண் தவறவிடும். கின்சிங் என்ற தீம்பொருள் இறக்கும் நாணயத் தோண்டி அது. கொன்றால் ஒரு நிமிடத்தில் திரும்ப வந்தது, கிரொன்டாப்பில் இருந்து.

இப்படி ஏதும் கண்டால் துடைத்துவிட்டுத் தொடர வேண்டாம். டேட்டாபேஸை மட்டும் எடுத்துக்கொண்டு இயங்குதளத்தில் இருந்து புதிதாகப் போடுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும், வெப்லொஜிக்கின் அமைப்புக் கோப்பில் அது மறையாக்கம் செய்து இருந்தாலும், அதே டொமைனில் உள்ள சாவிக் கோப்பும் கையில் இருந்தால் எடுத்துவிடலாம்.

அறிவியல்நகர்_மாணவி

லொக் ஃபோர் ஷெல்லும் இதில் வருமா? 2021 டிசம்பரில் அதைப் பற்றித்தானே எல்லோரும் கதைத்தார்கள்.

ஸ்காபரோ_வன்னியான்

பார்க்க வேண்டும். 10.3.6இல் வெப்லொஜிக்கோடு வருவது பழைய லொக்4ஜே 1.2 (மென்பொருளில் நடப்பதைப் பதிவு செய்யும் ஜாவா நூலகம்). லொக் ஃபோர் ஷெல் என்ற சி.வி.இ-2021-44228 இருப்பது 2 வரிசையில். ஆனால் கடன் மென்பொருளை எழுதியவர்கள் தங்கள் வார் கோப்புக்குள் 2 வரிசையை வைத்திருக்கலாம். வார் கோப்பை விரித்து உள்ளே உள்ள ஜார் கோப்புகளின் (ஜாவா நூலகக் கோப்புகள்) பெயரைப் பாருங்கள். 2.17.1ஐப் போடு என்று எங்கும் எழுதியிருக்கும், அது ஜாவா 8க்கு. உங்களுக்கு ஜாவா 7, ஆகவே 2.12.4.

பரந்தன்_சந்தி

பார்த்துவிட்டேன். டொப்பிலும் கிரொன்டாப்பிலும் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. வார் கோப்புக்குள் லொக்4ஜே 2.8 இருந்தது, அதைச் சோதனைக் கணினியில் 2.12.4 ஆக்கி ஓட்டுகிறேன், இதுவரை பிழை இல்லை. கனெக்ஷன் ஃபில்டர் போட்டாயிற்று. அந்த இரண்டு பகுதிகளையும் எடுத்தேன், கடன் பதிவு, தவணை, ரசீது எல்லாம் வழமை போல வேலை செய்கின்றன.

மல்லாவி அக்கா சொன்னபடி முகாமையாளரிடம் கடன் எடுத்தவர்களின் பக்கம் நின்று கதைத்தேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் காட்டினேன். இப்போது அவரே கொழும்புக்குக் கடிதம் எழுதச் சொல்கிறார்.

மல்லாவிக்காரி

சந்தோசம் தம்பி. பேக்கப் விஷயத்தை விட்டுவிடாதீர்கள். எங்கள் சனம் ஒருமுறை உறுதி, பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் தொலைத்து, ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கக் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள். இன்னொரு முறை அலைய வைக்கக் கூடாது.

பம்பைமடு

அக்கா சொல்வதற்கு உதாரணம் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. 2023 ஓகஸ்டில் லங்கா அரச கிளவுட் கப்ப மென்பொருளால் தாக்கப்பட்டது. அரச மின்னஞ்சல் பழைய எக்ஸ்சேஞ்ச் 2013இல் ஓடிக்கொண்டிருந்தது. சேர்வரோடு இணைந்திருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது, வெளியே எடுத்து வைத்த பிரதி இல்லை. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். ஆகவே பிரதியை டிஸ்கில் எடுத்து, கழற்றி, வேறு கட்டடத்தில் வையுங்கள். மாதம் ஒரு முறை அதில் இருந்து திரும்ப ஏற்றிப் பாருங்கள்.

கடிதத்தில் ஒன்றை எழுத மறக்க வேண்டாம்: பேட்சுக்கு யார் பொறுப்பு என்று ஓர் ஆளின் பெயர். அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான எக்குவிஃபாக்ஸின் கதையில், ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா மென்பொருள் சட்டகத்தின் ஓட்டைக்கு 2017 மார்ச் 7ஆம் தேதியே பேட்ச் வந்துவிட்டது. "போடுங்கள்" என்று உள்ளுக்குள் மின்னஞ்சலும் போனது. பட்டியலில் இருந்த பலருக்குப் போன அந்த மின்னஞ்சல், குறிப்பிட்ட சேர்வரைப் பார்ப்பவரின் கையில் வேலையாகச் சேரவில்லை. மே மாதம் உள்ளே வந்தவர்களை யூலை கடைசியில்தான் கண்டார்கள். சுமார் 14 கோடியே 70 இலட்சம் பேரின் விபரம் போயிற்று.

ஸ்காபரோ_வன்னியான்

கடிதத்துக்கு நான் சேர்ப்பது இவ்வளவுதான். 12.2.1.4க்காவது ஏற்றித் தரச் சொல்லுங்கள், அதற்கு ஜாவா 8 வேண்டும், கடன் மென்பொருளைத் திரும்பச் சோதிக்க நேரம் கொடுங்கள். ஒரக்கிளின் பேட்சுகள் ஜனவரி, ஏப்ரல், யூலை, ஒக்டோபர் மாதங்களின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை வரும். வந்து எத்தனை நாளுக்குள் போட்டுத் தருவார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். "மேலே ஏற்ற முடியாது" என்று பதில் வந்தால், எந்த வகுப்பு, எந்த நூலகம் தடுக்கிறது என்று எழுத்தில் கேட்டு இங்கே போடுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு பழைய ஜார் கோப்புகளாகத்தான் இருக்கும், சேர்ந்து பார்க்கலாம்.